பையைக் கொடுங்கள்

அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் போகும் காலை நேரத்து யூனிட்டில், அதாவது புறநகர் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டிக்குள் இரண்டு காலையும் ஊன்றி நிற்க இடம் கிடைத்தாலே அன்றைக்கு நல்ல நாள். அப்படி நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். நிற்பவர் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. “பையைக் கொடுங்கள்” என்று ஒரு குரல் வரும். தோளிலிருந்து பை இறங்கும். பர்ஸ், கைபேசி, சம்பளக் கவர், வீட்டுச் சாவி எல்லாம் உள்ளே இருக்கும் அந்தப் பை, அடுத்த ஒரு மணி நேரம் பெயர்கூடத் தெரியாத ஒருவரின் மடியில் பயணம் செய்யும். ஒரே மடியில் மூன்று நான்கு பைகள் அடுக்கியிருப்பதைத் தினமும் பார்க்கலாம். அடியில் மடிக்கணினிப் பை, அதன்மேல் கைப்பை, உச்சியில் சாப்பாட்டுப் பை. குழம்பு சிந்திவிடாமல் டிபன் பாக்ஸ் இருக்கும் பையை மட்டும் நிமிர்த்திப் பிடித்திருப்பார்கள். இறங்கும் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே அது தலைகளுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி உரியவரிடம் வந்து சேர்ந்துவிடும்.

இத்தனை வருடத்தில், இப்படிக் கொடுத்த பை திரும்பி வராமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கூட்டத்தில் பர்ஸ் திருடு போயிருக்கிறது, சங்கிலி அறுபட்டிருக்கிறது. கை வைப்பவர்கள் எங்கும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் கேட்டு வாங்கி மடியில் வைத்த பைக்கு எதுவும் ஆனதில்லை. வாங்கியவர் அதற்குப் பொறுப்பு. தூக்கம் கண்ணைச் சொருகினாலும் கை மட்டும் பையின் வாரை விடாது.

நான் மருந்தாளுநர். பார்க் டவுனில், நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மொத்த விற்பனை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு திருவள்ளூரில். இரண்டுக்கும் நடுவே 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வண்டி ஒழுங்காகப் போனால் ஒன்றேகால் மணி நேரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது எங்கள் ஊர் வழியாகத்தான். அன்றைக்கு அதில் ஏறியவர்களில் யாராவது பக்கத்தில் நின்றவரின் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருப்பார்களா என்று சில நாள் யோசிப்பேன். வைத்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உட்காரும் இடத்துக்கும் ஒரு முறை உண்டு. புதிதாக வருபவர்களுக்கு அது பிடிபடச் சில நாள் ஆகும். நிற்பவர், உட்கார்ந்திருப்பவரிடம் “எங்கே இறங்குகிறீர்கள்?” என்று கேட்பார். “அம்பத்தூர்” என்று பதில் வந்தால், அம்பத்தூருக்குப் பிறகு அந்த இடம் கேட்டவருடையது. நடுவில் இன்னொருவர் வந்து கேட்டாலும், “இவர்களுக்குச் சொல்லிவிட்டேன்” என்று முதலில் கேட்டவரைக் கைகாட்டிவிடுவார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. அன்றிலிருந்து இந்தத் தடத்தின் காலைக் கூட்டத்தில் பெரும்பங்கு அதற்கு உரியது. அம்பத்தூரிலும் பட்டரவாக்கத்திலும் பெண்கள் திமுதிமுவென்று இறங்குவார்கள். அதுவரை கால் கடுக்க நின்று வந்தவர்களுக்கு அங்கேதான் மூச்சு வரும்.

இதுவரை சொன்னது ஏற்பாடு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஏற்பாட்டுக்கு மேலே நடப்பது. திருநின்றவூரில் ஏறி ஆவடி வரை நின்று, ஆவடியில் இறங்கும் ஒருவரின் இடத்தைக் கேட்டு வாங்கியிருப்பார் ஒரு பெண். இடம் காலியாகும். அவர் உட்காரப் போகும் நேரத்தில், அங்கேயே ஏறிய ஒரு வயதான அம்மாள் கதவோரக் கம்பியைப் பிடித்துத் தடுமாறுவது கண்ணில் படும். “நீங்கள் உட்காருங்கள் அம்மா” என்று நகர்ந்துவிடுவார். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு எட்டு மணி நேரம் நின்றே செய்யும் வேலை காத்திருக்கும். கணுக்கால் வீங்கியிருக்கும். அது அவருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்கும் எங்களுக்கும் தெரியும். அரக்கோணத்திலிருந்து உட்கார்ந்து வருபவர்கள் ஆவடி வந்ததும் எழுந்து, “நான் பாதித் தூரம் உட்கார்ந்துவிட்டேன், இனி நீ உட்கார்” என்று இடம் கொடுப்பதும் உண்டு. சென்ட்ரல் வரை போக வேண்டியவர்கள் அவர்கள். எழுந்திருக்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வண்ணாரப்பேட்டையிலிருந்து இருசக்கர வண்டியில் வருபவர். நான் இதையெல்லாம் சொன்னபோது, “இதில் என்ன அம்மா இருக்கிறது? தினமும் ஒரே பெட்டியில் வருகிறீர்கள். அனுசரித்துப் போகாவிட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. தினமும் பார்க்கும் முகத்துக்கு உதவினால் நாளைக்கு நமக்கும் உதவி வரும். ஆனால் எங்கள் பெட்டியில் பெரும்பாலான உதவி, இனி ஒருபோதும் பார்க்கப் போகாதவர்களுக்குத்தான் போகிறது. அதற்கு என்ன கணக்கு?

புட்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூருக்கு அடுத்த ஸ்டேஷன். அங்கே அங்காள பரமேஸ்வரி கோயிலில் அம்மன் நிறைமாதக் கர்ப்பிணியாக மல்லாந்து படுத்திருக்கிறாள். குழந்தை வேண்டி வருகிறவர்களும், வாயும் வயிறுமாக இருப்பவர்களும், பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேண்டுதல் தீர்க்க வருகிறவர்களும் வண்டி வண்டியாக வருவார்கள். அரக்கோணம், திருத்தணி பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: எல்லா வண்டியும் புட்லூரில் நிற்காது. வேக வண்டியில் ஏறிவிட்டால் ஸ்டேஷன் கண்ணெதிரே ஓடிப் போய்விடும்.

அதனால் திருவள்ளூரில் ஏறுகிற பெண்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஏறியதும் பெட்டிக்குள் ஒரு பார்வை. மஞ்சள் புடவை, தட்டில் எலுமிச்சம்பழம், வளையல், பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ. கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. “புட்லூருக்கா? இந்த வண்டி அங்கே நிற்காது. இங்கேயே இறங்கிப் பின்னால் வருவதில் ஏறுங்கள்” என்று நாலாபக்கத்திலிருந்தும் குரல் வரும். ஒருவர் அவர்கள் தட்டை வாங்கிப் பிடிப்பார், ஒருவர் கதவோரத்தில் வழிவிடச் சொல்லிக் கத்துவார். ஒருமுறை அவசரத்தில் இறங்கிய தம்பதியின் கூடை மட்டும் வண்டிக்குள் நின்றுவிட்டது. வண்டி நகரத் தொடங்கியதும் கதவோரம் நின்ற பெண் ஒருத்தி கூடையோடு எட்டிக் குனிந்து, ஓடி வந்த கணவன் கையில் சேர்த்தாள். பின்னாலிருந்து இரண்டு பேர் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பதிக்குப் பிறகு குழந்தை பிறந்ததா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அன்று வில்லிவாக்கம் வரை அவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் பேச்சாகவே இருந்தது.

இன்னொரு காலையைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று நெடுநாள் யோசித்தேன். எழுதியே ஆக வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் இறங்கும் மாணவிகளில் ஒருத்தி. வெளிர் நிறச் சுடிதார். கையில் ஹால் டிக்கெட், உதடு எதையோ மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நெமிலிச்சேரி தாண்டியதும் எழுந்தாள், எழுந்தவள் அப்படியே மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. எதிரில் இருந்த எனக்கு முதலில் புரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஏதோ கம்பெனியின் அடையாள அட்டை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் துப்பட்டாவின் ஊக்கைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டார். பழுப்பு நிறப் பருத்தித் துப்பட்டா, ஓரத்தில் அச்சுப் பூ. அதை நீளவாக்கில் இரண்டாக மடித்தார். “எழுந்து என் பக்கம் திரும்பு, கண்ணு” என்றார். மாணவி எழுந்த நொடியில் அவள் பின்னால் வேறு இரண்டு பெண்கள் நெருங்கி நின்றுகொண்டார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. துப்பட்டா அவள் இடுப்பைச் சுற்றி வந்தது, இடது பக்கம் முடிச்சு விழுந்தது, மடிப்பு இழுத்துவிடப்பட்டது. வாயில் இருந்த ஊக்கு முடிச்சுக்குக் கீழே குத்தப்பட்டது. யாரோ ஒருவர் பையிலிருந்து ஒரு நாப்கினை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி மாணவியின் புத்தகத்துக்குள் செருகினார். யூனிட் வண்டியில் கழிவறை கிடையாது. இறங்கியதும் ஆட்டோ எடுத்துக் கல்லூரிக்குள் போய்விடு, முதலில் கழிவறை, பிறகு தேர்வு அறை என்று வழி சொன்னார்கள்.

“இதை எப்படி அக்கா திருப்பிக் கொடுப்பது?” என்று அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“இன்றைக்கு என்ன பரீட்சை?”

“கணக்கு.”

“கணக்கா? அப்படியென்றால் அதை மட்டும் யோசி.”

துப்பட்டாவைக் கொடுத்தவர் அம்பத்தூரில் இறங்கினார். துப்பட்டா இல்லாமல் அலுவலகத்துக்குள் நுழைய அவர் கூச்சப்பட்டிருக்கக்கூடும். பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படியேறியதைப் பார்த்தேன். அவரை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என் பையில் நாப்கின் பொட்டலம் ஒன்றும், மெல்லிய கறுப்புத் துண்டு ஒன்றும் எப்போதும் இருக்கின்றன. நாப்கின் எங்கள் கடையிலேயே பெட்டி பெட்டியாக விற்கிற பொருள்தான். துண்டு இதற்குள் பலர் இடுப்பில் போய்விட்டது, நானும் புதிது வாங்கி வைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மாலை வண்டியின் குணம் வேறு. காலையில் இருக்கும் பரபரப்பு இருக்காது. பூக்கடைப் பக்கம் உதிரிப்பூ வாங்கிய பெண்கள் வீடு போய்ச் சேருவதற்குள் கட்டி முடித்துவிடப் பார்ப்பார்கள். மல்லி, கனகாம்பரம், சில நாள் முல்லை. நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இப்படி இரண்டு பூ, அப்படி இரண்டு பூ, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. வண்டி ஆடினாலும் முடிச்சு தளராது. எதிரே சோர்ந்து உட்கார்ந்திருப்பவள் தலையில் பூ இல்லாவிட்டால் அவர்களுக்குப் பொறுக்காது. ஒரு கிள்ளு கிள்ளிக் கொடுப்பார்கள். காசு கொடுத்தால் வாங்குவதில்லை. கணவரை இழந்த ஒரு பெண், நாங்கள் அடிக்கடி பார்ப்பவர், பூ நீட்டப்பட்டபோது தயங்கினார். நீட்டிய கை பின்வாங்கவில்லை. “பூ என்ன, பொறந்த நாளிலிருந்து வைத்தது. யார் எடுக்க முடியும்?” என்று சொல்லி அந்தம்மாளே அவர் கூந்தலில் செருகிவிட்டார். அவர் செவ்வாப்பேட்டை வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சீப்பு, ஊக்கு, சீசன் டிக்கெட் உறை விற்கும் கண் தெரியாத அண்ணன் ஒருவர் ஏறுவார். அவருக்கு நோட்டைக் கொடுக்கும் ஒவ்வொரு பெண்ணும் “இருபது ரூபாய் அண்ணா”, “ஐம்பது அண்ணா” என்று உரக்கச் சொல்லித்தான் கொடுப்பார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் காதிலும் விழும்படி. அவர் விரலால் தடவிப் பார்ப்பதற்கு முன்பே சாட்சி சொல்ல நான்கு பேர் இருக்கிறார்கள். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுகளில் சிலரையும் சொல்ல வேண்டும். நடைமேம்பாலத்தில் தலைதெறிக்க ஓடி வரும் பெண்களைப் பார்த்துவிட்டால், புறப்பாட்டு மணி அடிக்கும் கை சில வினாடி தாமதிக்கும். அந்தச் சில வினாடியில் அரை நாள் சம்பளம் தப்பியவர்கள் எத்தனையோ பேர்.

கணக்கு முடிக்கும் நாட்களில் நான் இரவு வண்டியில்தான் திரும்புவேன். ஒன்பது மணிக்கு மேல் பெண்கள் பெட்டியில் ஆள் குறைந்துவிடும். நான்கைந்து பேர்கூட இருக்க மாட்டோம். அப்படி ஓர் இரவில் வில்லிவாக்கத்தில் குடித்திருந்த இரண்டு ஆண்கள் ஏறினார்கள். பெண்கள் பெட்டி என்று நாங்கள் சொன்னதற்குச் சிரித்தார்கள். ஒருவன் ஒரு நர்ஸிங் மாணவிக்கு எதிரே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தான். கதவோரத்தில் ஒரு திருநங்கை நின்றிருந்தார். பகலில் வண்டிகளில் கைதட்டிக் காசு கேட்பவர், அன்றைய பாடு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நேராக வந்து அந்த மாணவிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். “கொரட்டூர் வருகிறது. இறங்கி அடுத்த பெட்டியில் ஏறு” என்றார், குரலை உயர்த்தாமல். அவன் ஏதோ வசைச்சொல் சொன்னான். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதே வாக்கியத்தை அதே குரலில் மறுபடியும் சொன்னார். அதற்குள் நாங்களும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டோம். கொரட்டூரில் இருவரும் இறங்கினார்கள்.

அவருடைய ஸ்டேஷன் ஆவடி. இறங்கியவர் அப்படியே போய்விடவில்லை. பிளாட்பாரத்தில் நின்ற ரயில்வே காவலரைக் கூப்பிட்டு, எங்கள் பெட்டியைக் காட்டி ஏதோ சொன்னார். காவலர் எங்களோடு திருவள்ளூர் வரை வந்தார். பகலில் அதே திருநங்கை பெட்டிக்குள் நுழைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வருகிறது, வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறேன்.

மழைக்காலத்தை விட்டுவிட முடியாது. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14ஆம் எண் பாலம் இருக்கிறது. இந்தத் தடத்தில் போகும் எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் வண்டிகளை நிறுத்தினார்கள். புயல் இல்லாத ஐப்பசி மழையிலும் அந்தப் பகுதியில் வண்டி ஊர்ந்து ஊர்ந்துதான் போகும், சில நாள் நின்றேவிடும்.

அப்படி ஒரு மாலை பெரம்பூரைத் தாண்டுவதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டது. விளக்கு அணைந்து, மின்விசிறி ஓய்ந்து, வெகுநேரம் ஆகியும் நகரவில்லை. பொதுப் பெட்டிகளில் இருந்த ஆண்கள் குதித்து நடக்கத் தொடங்கினார்கள். யூனிட் வண்டியின் கதவுக்கும் தரைக்கும் நல்ல உயரம். பிளாட்பாரத்தில் நின்று ஏறுவதற்குச் செய்த வண்டி. புடவை கட்டியவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தையோடு இருந்தவள் எல்லோரும் கதவில் நின்று கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைப் பகுதியிலிருந்து இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். நாற்காலியைச் சல்லிக்கல்லின் மேல் அழுத்தி ஊன்றி, கால்கள் நகராமல் ஆளுக்கொரு பக்கம் முழங்காலை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். “தோளைப் பிடித்து இறங்குங்கள் அம்மா, நாற்காலி அசையாது” என்றார்கள். ஒவ்வொருவராக இறங்கினோம். பெட்டி முழுவதும் காலியாகும் வரை அவர்கள் தண்ணீரில் மண்டியிட்டபடியே இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் அப்போது தண்ணீர் புகுந்துகொண்டுதான் இருந்தது. ஓர் அம்மாள் வாசலில் நின்று வாளியால் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்ததை நான் கடந்து போகும்போது பார்த்தேன்.

எங்கள் பெட்டியில் சண்டையே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜன்னலுக்காக, மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வதற்காக, கூடையைக் காலடியில் வைத்ததற்காக வாய்ச்சண்டை தினமும் உண்டு. அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. சண்டை போட்டவர்களே பத்து நிமிடத்தில் ஒருவர் பையை ஒருவர் வாங்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். என்னை உறுத்துவது கைபேசியைத் தூக்கிப் படம் பிடிப்பது. மயங்கி விழுந்த ஒரு பெண்ணுக்கு நாங்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் அதைக் காணொளி எடுத்தார். நல்ல விஷயம்தானே, நாலு பேர் பார்க்கட்டும் என்றார். விழுந்தவளின் புடவை விலகிக் கிடந்தது. உதவி வாங்குபவருக்கும் மானம் உண்டு. பக்கத்தில் இருந்த பூக்கட்டும் அம்மாள் கைபேசியின் முன் தன் உள்ளங்கையை விரித்து மறைத்தார். அதுவும் உதவிதான், அன்று நடந்த உதவிகளில் அதுவே பெரியது என்பேன்.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மணவூரில் ஏறிய ஒரு பாட்டி. துணிப்பைக்குள் ஸ்கேன் படம், மடங்கிப்போன ஓ.பி. நோட்டு. மகனுக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை, அதனால் தனியாக ஜி.எச்., அதாவது அரசு பொது மருத்துவமனைக்குப் போகிறார். சென்ட்ரலில் இறங்கி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பெட்டியில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். திருநின்றவூர் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்து இட்லியைப் பிட்டார். நான் அவர் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனை. “பாட்டி, இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடுங்கள். இப்போது சாப்பிட்டால் நாளைக்கும் அலைய வேண்டும்” என்று சொல்லிப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தேன். அதுவரைக்கும்தான் என்னால் முடிந்தது. கடைச் சாவி அன்று என் கையில். நான் போய்த் திறந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரி சென்ட்ரலுக்கு எதிரேதான். ஆனால் சுரங்கப்பாதையில் இறங்கி, சரியான வாசலில் ஏறி, உள்ளே எந்தக் கட்டடம், எந்த வரிசை என்று கண்டுபிடிப்பதற்குள் முதல் முறை வருகிறவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். பாரிமுனைத் துணிக்கடை ஒன்றில் பில் போடும் பெண் ஒருத்தி எங்களோடு வருவாள், இருபத்திரண்டு வயது இருக்கலாம். கொஞ்சம் தாமதமானாலும் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிடும் கடை. சென்ட்ரலில் யூனிட் வண்டிகள் நிற்கும் மூர் மார்க்கெட் பகுதியில் இறங்கியதும் பாட்டியின் கையைப் பிடித்தாள். “வாருங்கள், நான் காட்டுகிறேன்” என்று சுரங்கப்பாதைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வண்டியில் அவளைப் பார்த்தேன். பாட்டியை வரிசையில் நிறுத்திவிட்டு வர மனம் வரவில்லையாம். இரத்தம் எடுத்து முடிக்கும்வரை கூடவே இருந்து, இட்லியைச் சாப்பிட வைத்து, டாக்டர் எழுதிய மாத்திரையையும் வாங்கிக் கொடுத்து, திரும்ப வண்டி ஏற்றிவிட்டுத்தான் கடைக்குப் போயிருக்கிறாள்.

“சம்பளம் பிடித்தார்களா?” என்று கேட்டேன்.

“பிடித்தார்கள் அக்கா” என்றாள். “அந்தச் சீட்டில் சர்க்கரை அளவு எவ்வளவு இருந்தால் பயப்பட வேண்டும்? பாட்டிக்கு முந்நூறுக்கு மேல் என்று சொன்னார்கள்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாத்திரையை எப்போது போட வேண்டும், எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன். அவள் அதை மடித்து சீசன் டிக்கெட் உறைக்குள் வைத்துக்கொண்டாள். பாட்டிக்கு அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். தேதியை அவளே கேட்டுக் குறித்து வைத்திருந்தாள்.

அந்தச் செவ்வாயன்று பாட்டி மருமகளோடு வந்தார். தாள் கைமாறியது. பரிசோதனை இல்லாத நாள் என்பதால் மருமகள் எங்கள் எல்லோருக்குமாக வேர்க்கடலை அவித்து எடுத்து வந்திருந்தார், வயலில் பறித்த புதுக் கடலை. பெரம்பூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.